ஓய்ந்திருக்கும் கணினி எவருக்கு உரியது?
பின்னணிக் கணிப்பின் மட்டுப்பாடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வீட்டுக் கணினியின் முன் அமர்ந்து கடிதம் எழுதும் ஒருவர், ஓரெழுத்தைத் தட்டியபின் அடுத்த எழுத்தைத் தட்டுவதற்கு எடுக்கும் இடைவேளை மிகச் சிறியது. ஆயின் அச்சிறு பொழுதில் அக்கணினியின் செயலி கோடிக்கணக்கான கட்டளைகளை நிறைவேற்ற வல்லது. பெரும்பாலும் அதற்கு அப்பொழுது செய்வதற்கு வேலை எதுவும் இருப்பதில்லை. இவ்வாறு வெறுமனே கழியும் நேரத்தை வேறு கணிப்புகளுக்கு ஈடுபடுத்தலாம் என்ற எண்ணத்தினின்றே பின்னணிக் கணிப்பு பிறந்தது. உரிமையாளர் தம் வேலையைச் செய்துகொண்டிருக்க, அவர் கண்ணுக்குத் தெரியாது மறைவில் இயங்கும் செய்நிரலையே பின்னணிச் செய்நிரல் என்கிறோம்.

இவ்வெண்ணத்துடன் வினாக்கள் சிலவும் உடன்பிறந்தன. பின்னணிச் செய்நிரல் செயலியை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம்? அவ்வளவை வகுக்க வேண்டியவர் யார்? கடந்த அறுபது ஆண்டுகளில் இவ்வினாக்களுக்கு அளிக்கப்பட்ட விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விடைகள் ஒரு தன்மையன அல்ல. தொடக்கத்தில் பிறருடைய நேரத்தைக் காப்பதற்காக எல்லை வகுக்கப்பட்டது. பின்னர் வெப்பத்தையும் மின்செலவையும் கட்டுப்படுத்துவதற்காக வகுக்கப்பட்டது. இறுதியில் அது உரிமையாளரின் இசைவு பற்றிய பிரச்சினையாயிற்று.

கணினி அரிதாகவும் பெருவிலையுடையதாகவும் விளங்கிய காலத்தில், அதன் ஒவ்வொரு கணமும் பலரால் வேண்டப்பட்டது. 1961 நவம்பரில் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் பெர்ணாண்டோ கோர்பாட்டோவும் அவர்தம் குழுவினரும் நேரப்பங்கீட்டு முறைமை ஒன்றை இயக்கிக் காட்டினர். ஒரே கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்த அது வழிசெய்தது. குறுகிய நேரத்தில் முடியும் பணி மேல்வரிசையில் வைக்கப்பட்டது; நெடுநேரம் எடுக்கும் பணி படிப்படியாகக் கீழ்வரிசைக்கு இறக்கப்பட்டது. மேல்வரிசைகள் வெறுமையான பின்னரே கீழ்வரிசைக்கு வாய்ப்புக் கிட்டிற்று. பின்னணிக் கணிப்பின் இலக்கணம் இவ்வரிசை முறையிலேயே கருக்கொண்டது எனலாம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான யுனிக்ஸ் முறைமை இக்கருத்துக்கு ஒரு பெயரையும் வழங்கிற்று. ‘நைஸ்’ என்னும் அக்கட்டளை, தன் செய்நிரல் பிறருக்கு வழிவிட்டு நடக்கட்டும் எனப் பயனர் தாமே கேட்டுக்கொள்ளும் ஒரு முறையாகும். பிற்கால முறைமைகளில் இப்பணிவு எண்ணாற் குறிக்கப்படுகிறது. மிகப் பணிவான செய்நிரலுக்கு எண் 19. மிக முந்துவதற்கு எண் -20. தம் செய்நிரலைத் தாழ்த்திக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. உயர்த்திக்கொள்ளும் உரிமையோ பொதுவாக நிர்வாகிக்கு மட்டுமே உரியது. பொதுச்சொத்தைப் பகிர்ந்துகொள்வோர்க்கு ஏற்ற ஒழுங்கு இது.

எனினும், இங்கு ஒன்று நோக்கற்பாலது. முன்னுரிமை என்பது வரிசையே அன்றி அளவு அன்று. வேறெவரும் வேலை கேட்காதபோது, மிகப் பணிவான செய்நிரலும் செயலியின் நூறு வீதத்தையும் எடுத்துக்கொள்ளும். பலர் பகிரும் கணினியில் இது குறையன்று; நேரம் வீணாகாமைக்கு இதுவே வழி. தனியாள் கணினி தோன்றிய பின்னரே இவ்வேறுபாடு பெரிதாயிற்று.

தனியாள் கணினிகளின் ஓய்வு நேரத்தை முதன்முதலாகப் பயன்படுத்த முயன்றவர்களுள், கலிபோர்ணியாவிலுள்ள ஸெரொக்ஸ் பாலோ ஆல்ற்றோ ஆய்வு நிலையத்தினர் குறிப்பிடத்தக்கவர்கள். அங்கு ஆல்ற்றோ என்னும் கணினிகள் ஏறத்தாழ நூறு, ஈதர்நெற் வலையமைப்பினால் இணைக்கப்பட்டிருந்தன. ஓய்ந்திருக்கும் கணினிகளைத் தேடிச்சென்று அவற்றில் தன் படிகளை இயக்கும் செய்நிரல் ஒன்றை ஜோன் ஷொக், ஜொன் ஹப் ஆகிய இருவரும் அமைத்தனர். அதற்குப் ‘புழு’ எனப் பெயரிட்டனர். 1982 மார்ச்சில் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் தம் வெற்றியுடன் ஒரு விபத்தையும் ஒளியாது எழுதினர். ஓரிரவு சிறிய புழு ஒன்றை இயங்கவிட்டுச் சென்றவர்கள், மறுநாட் காலையில் கணினிகள் பல செயலிழந்து கிடக்கக் கண்டனர். மீளத் தொடக்கிய கணினிகளிலும் புழு மீண்டும் புகுந்து அவற்றை முடக்கிற்று. நல்வாய்ப்பாக, எல்லாப் படிகளையும் நிறுத்தும் அவசரச் செய்தியொன்றை அவர்கள் முன்னரே அமைத்து வைத்திருந்தனர். பின்னணியில் இயங்குவதை நிறுத்தும் வழி, அதனை இயக்கும் வழிக்கு முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பது இந்நிகழ்ச்சி தந்த பாடமாகும்.

விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மிரன் லிவ்னியும் அவர்தம் தோழரும் உருவாக்கிய கொண்டோர் முறைமை இப்பாடத்தை ஒரு நெறியாக்கிற்று. 1988இல் வெளிவந்த அவர்களது ஆய்வுக்கட்டுரை, ஒவ்வொரு கணினியும் அதன் மேசைக்குரியவருக்கே உரியது என்பதை அடிப்படையாகக் கொண்டது. உரியவர் திரும்பி வந்து விசையைத் தொட்டதும் அந்நியப் பணி ஒதுங்கவேண்டும். வேண்டுமாயின் தான் செய்துமுடித்த பகுதியைப் பதிந்துகொண்டு வேறொரு கணினிக்குப் பெயரவேண்டும். விருந்தினன் எவ்வளவு பயனுள்ளவனாயினும் வீட்டுக்காரன் வந்தால் எழுந்திருக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

1990களில் இணையம் பரவியதும் இம்முயற்சி ஆய்வுகூடங்களை விட்டு வீடுகளுக்குப் பெயர்ந்தது. 1977இல் சவாலாக வெளியிடப்பட்ட 129 இலக்க எண்ணொன்றின் காரணிகளை, 1994 ஏப்ரிலில், ஏறத்தாழ 600 தொண்டர்கள் 1,600 கணினிகளைக்கொண்டு எட்டு மாத உழைப்பின்பின் கண்டனர். 1996இல் ஜோர்ஜ் வொல்ற்மன் மேர்சென் முதன்மை எண்களைத் தேடும் திட்டத்தைத் தொடங்கினார். 1999 மே 17ஆம் நாள் பேர்க்லியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் ‘செற்றி அற் ஹோம்’ திட்டத்தை ஆரம்பித்தது. அரெசிபோ வானொலித் தொலைகாட்டி திரட்டிய தரவுகளில் வேற்றுலக அறிவுயிர்களின் சைகைகள் உண்டா எனத் தேடுவதே அதன் பணி. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் காலப்போக்கில் அதிற் பங்குபற்றினர். உரிமையாளர் எழுந்து சென்றபின் திரையில் தோன்றும் திரைகாப்புச் செய்நிரலாக அது இயங்கிற்று. ‘உங்களுக்கு வேண்டாத நேரத்தை அறிவியலுக்குத் தாருங்கள்’ என்பதே இத்தகைய திட்டங்கள் அனைத்தினதும் அழைப்பின் பொருள்.

அன்றைய நிலையில் அவ்வழைப்புப் பெருமளவு நேர்மையானதே. பழைய வீட்டுக் கணினிகளில் வேலையற்ற செயலி உண்மையில் ஓய்ந்திருக்கவில்லை. வேலை வந்ததா, வேலை வந்ததா என வினவிக்கொண்டு அது வெறுஞ் சுழற்சியில் ஈடுபட்டிருந்தது. செயலியை நிறுத்திவைக்கும் கட்டளை இன்ரெல் நிறுவனத்தின் 8086 செயலியிலேயே இருந்தபோதிலும், விண்டோஸ் 95, 98 ஆகிய முறைமைகள் பொதுவாக அதனைப் பயன்படுத்தவில்லை. அக்குறையை நீக்குவதற்கெனத் தனியார் சிலர் சிறு செய்நிரல்களை எழுதிப் பரப்பினர். ஆகவே, வெறுஞ் சுழற்சிக்குச் செலவாகும் மின்சாரத்தைப் பயனுள்ள கணிப்புக்குச் செலவிடுவதால் உரிமையாளருக்கு ஏற்பட்ட இழப்புச் சிறிதே.

பின்னர் நிலைமை மாறிற்று. செயலிகள் உண்மையாகவே ஓய்வெடுக்கக் கற்றுக்கொண்டன. 2000ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் மடிக்கணினிச் செயலிகளில் மீடிறனையும் வோல்ற்றளவையும் குறைக்கும் முறையைப் புகுத்திற்று. 2003இல் ஏஎம்டி நிறுவனம் மேசைக் கணினிகளுக்கும் அத்தகைய முறையைக் கொணர்ந்தது. மறுபுறம், முழுவேலையின்போது செலவாகும் வலு பெருகிற்று. 1985இல் வெளிவந்த 386 செயலி குளிர்த்தும் தகடின்றியே இயங்கியது. 2004இல் வெளிவந்த பென்ரியம் 4 வகைகள் சில நூறு உவாற்றைத் தாண்டின. ஓய்வுக்கும் வேலைக்கும் இடையே பெரும் இடைவெளி தோன்றவே, ‘வேண்டாத நேரம்’ இலவசமானது என்ற கூற்று பொய்த்துப்போயிற்று. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பின்னணிக் கணிப்பினால் ஒரு கணினி மேலதிகமாக 60 உவாற்று வலுவை இரவுபகலாக எடுக்குமாயின், ஒரு நாளைக்கு 1.44 அலகும் முப்பது நாளைக்கு 43 அலகுக்கு மேலும் மின்சாரம் செலவாகும். கொடையாளர் தம் நேரத்தை மட்டுமன்றிப் பணத்தையும் கொடுக்கிறார்.

இக்காலத்திலேயே முன்னுரிமை வேறு, உச்சவரம்பு வேறு என்பது பொதுமக்களுக்கும் புலனாயிற்று. பேர்க்லியில் டேவிட் அன்டர்சன் தலைமையில் 2002இல் தொடங்கப்பெற்ற ‘பொயிங்க்’ என்னும் மேடை பல திட்டங்களுக்குப் பொதுவானதாக அமைந்தது. எல்லையை வகுக்கும் அதிகாரத்தை அது உரிமையாளரின் கையிற் கொடுத்தது. கணினி பயன்பாட்டில் உள்ளபோது நிறுத்துக, மின்கலத்தில் இயங்கும்போது நிறுத்துக, இத்தனை கருக்களை மட்டும் பயன்படுத்துக, இத்தனை வீத நேரம் மட்டும் இயங்குக எனப் பலவாறு பணிக்க முடிந்தது. நேர வரம்பு செயற்படும் விதம் எளியது: 75 வீதம் எனக் குறித்தால், செய்நிரல் மூன்று செக்கன் இயங்கி ஒரு செக்கன் நிற்கும்.

இவ்வழிகள் ஒரே பயனைத் தருவன அல்ல. நான்கு கருக்களுடைய செயலியில் இரு கருக்களை முழுநேரமும் பயன்படுத்தினாலும், நான்கையும் பாதி நேரம் பயன்படுத்தினாலும், முடியும் வேலை ஏறத்தாழ ஒன்றே. ஆயின் முதல் வழியில் வெப்பம் சீராக இருக்கும். இரண்டாவதில் அது ஏறியும் இறங்கியும் அலையும். மீடிறனையும் வோல்ற்றளவையும் குறைப்பது மூன்றாம் வழி. செயலியின் இயக்க வலு மீடிறனுக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் விகிதசமமானது. இரண்டையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் வேலை ஐந்தில் ஒரு பங்கே குறையும். வலுவோ ஏறத்தாழப் பாதியாகும். விட்டுவிட்டு ஓடுவதினும் மெல்ல நடப்பது சிக்கனமானது என்பது இதனாற் பெறப்படும்.

மிகத் தாழ்ந்த முன்னுரிமையில் இயங்கும் செய்நிரலுக்கு உச்சவரம்பு எதற்கு என வாதிப்போர் உளர். உரிமையாளரின் வேலைக்கு அதனால் இடையூறு இல்லை என்பது அவர்கள் கருத்து. ஒரு கரு மட்டும் இருந்த காலத்துக்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தும். 2002இல் பென்ரியம் 4 செயலியொன்றின் மூலம், ஒரே கரு இரு பணித்தொடர்களை ஒருங்கே ஏற்கும் முறை மேசைக் கணினிக்கு வந்தது. அம்முறையில், பணிவான செய்நிரலும் உரிமையாளரின் செய்நிரலும் அருகருகே ஓடி உள்ளுறுப்புகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. விரைவு நினைவகத்திலும் இரண்டும் இடம்பிடிக்கின்றன. எனவே வரிசையில் ஈற்றில் நிற்பவரும் இடத்தை அடைத்துக்கொள்ள முடிகிறது. முறைமைகளை ஆக்குவோரும் இதனை உணர்ந்தனர் போலும். 2012இல் வெளிவந்த லினக்ஸ் 3.2 பதிப்பும் விண்டோஸ் 8 முறைமையும், செயலி நேரத்துக்கு உச்சவரம்பு விதிக்கும் வசதியைத் தம்முள்ளேயே கொண்டிருந்தன.

இனி இசைவு பற்றிய பிரச்சினைக்கு வருவோம். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் அரச கல்லூரி ஒன்றின் கணினி நிர்வாகி, அக்கல்லூரிக் கணினிகளில் தொண்டர் கணிப்புச் செய்நிரல் ஒன்றை அனுமதியின்றி நிறுவினார். அவர் மீது குற்றவழக்குத் தொடரப்பட்டது. 2002 ஜனவரியில் அது ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, தண்டப்பணம் ஆகியவற்றுடன் தீர்க்கப்பட்டது. அவர் ஈட்டியது எதுவுமில்லை என்பாரும், பிறர் பொருளைத் தானஞ் செய்ய அவருக்கு உரிமை ஏது என்பாரும் அன்று மாறுபட்டு வாதிட்டனர். தண்டனை கடுமையானதா என்பதில் கருத்து வேறுபடலாம். ஆயின் ஒன்று தெளிவு: நற்பணி என்பது இசைவுக்கு ஈடாகாது.

இதன் மறுபக்கம் 2017 செப்டெம்பரில் வெளிப்பட்டது. ‘கொயின்ஹைவ்’ என்னும் சேவை, இணையத்தளத்தைப் பார்க்க வருவோரின் செயலியைக்கொண்டே மொனேரோ என்னும் மறைகுறி நாணயத்தை அகழ வழிசெய்தது. தளத்தை நடத்துவோர் பலர் வருவோர்க்கு அதனை அறிவிக்கவில்லை. அச்சேவையிலும் செயலிப் பயன்பாட்டைக் குறைக்கும் அளவுகோல் ஒன்று இருந்தது. அளவைக் குறைத்தால் விசிறி இரையாது, கணினி தளராது, உரிமையாளர் ஐயுறார். மரியாதைக்காகத் தோன்றிய மட்டுப்பாடு இங்கு மறைவுக்குக் கருவியாயிற்று. 2019 மார்ச்சில் அச்சேவை மூடப்பட்டது. இருபது வீதம் எடுப்பதால் மட்டும் ஒரு செய்நிரல் ஒழுக்கமுடையதாகிவிடாது. அவ்விருபது வீதத்தை வகுத்தவர் யார் என்றும் வினவவேண்டும்.

இவ்வரலாற்றைக்கொண்டு பின்னணிக் கணிப்பைப் பழிப்பது எமது கருத்தன்று. 2010இல், ஐன்ஸ்ரைன் அற் ஹோம் திட்டத்தின் வழியே, அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலும் ஜேர்மனியின் மைன்ஸ் நகரிலும் இருந்த தொண்டர்களின் கணினிகள் புதிய துடிவிண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தன. 2020இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, புரத மடிப்பை ஆராயும் ‘ஃபோல்டிங் அற் ஹோம்’ திட்டத்துக்கு மக்கள் தாமாகவே திரண்டு தந்த கணிப்பாற்றல், அக்காலத்து மிகப்பெரிய மீக்கணினிகளையும் விஞ்சிற்று. அதே ஆண்டு மார்ச் 31ஆம் நாள் செற்றி அற் ஹோம் புதிய வேலை வழங்குவதை நிறுத்திக்கொண்டது. இத்திட்டங்கள் நெடுங்காலம் நிலைத்தமைக்கு, நிறுத்தும் விசையும் குறைக்கும் அளவுகோலும் தொண்டரின் கையில் இருந்தமை ஒரு முக்கிய காரணமாகும்.

முடிவாகக் கூறுமிடத்து, ஓய்ந்திருக்கும் கணினி உரிமையாளரற்ற புறம்போக்கு நிலம் அன்று. அதன் ஓய்வுக்கும் ஒரு பயன் உண்டு; அதன் உழைப்புக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை அறிந்து, அளவைத் தாமே வகுத்து, வேண்டியபோது நிறுத்தும் உரிமையுடன் ஒருவர் தருவதே கொடையாகும். அறியாமல் எடுக்கப்படுவது, எவ்வளவு சிறிதாயினும், எத்துணை மென்மையாக எடுக்கப்படினும், கொடை ஆகாது.