என் நோட்பேடும் எம்.ஐ.டி.யின் பாஸ்வேர்டு ஃபைலும்

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். போன மாசம் வரைக்கும் என் லேப்டாப்ல பாஸ்வேர்டெல்லாம் எழுதி வெச்ச ஒரு நோட்பேட் ஃபைல் இருந்துச்சு. பாஸ்வேர்டு மேனேஜர் இல்லாம இல்ல. ஆனா அது பிரவுசருக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும். ஆபீஸ் கணக்கு சாஃப்ட்வேர், வி.பி.என்., ரிமோட் டெஸ்க்டாப்னு எதைத் திறந்தாலும் எட்டிக்கூடப் பார்க்காது. ஒரு நாள் மீட்டிங்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணினா, அந்த ஃபைல் திறந்தே கிடக்குது. பதினோரு பேர் பார்த்துட்டாங்க. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டா மாத்தும்போது ஒரு கேள்வி வந்துச்சு: இந்த மாதிரி எனக்கு முன்னாடி யாராவது மாட்டியிருக்காங்களா?

மாட்டியிருக்காங்க. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை உருவாக்கியது. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. அவரவர் ஃபைல் அவரவருக்கு மட்டும் என்பதற்காக ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். ஆனால் அத்தனையும் ஒரே ஃபைலில், அப்படியே படிக்கிற மாதிரி இருந்தன. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல் அந்த ஃபைலையே பிரிண்ட் எடுத்துவிட்டார். 1966இல் இன்னொரு கூத்து. ஒரு பிழையால், லாகின் செய்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக மொத்தப் பாஸ்வேர்டு ஃபைலும் வந்து நின்றது. அப்படியே என் மீட்டிங் கதை!

தீர்வு தனி ஆட்களின் கைக்கு வரப் பல வருஷம் ஆச்சு. 1997இல் புரூஸ் ஷ்னையர், விண்டோஸுக்காக பாஸ்வேர்டு சேஃப் வெளியிட்டார். ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு, உள்ளே பூட்டிய பட்டியல். காப்பி பண்ணி எங்கே வேணும்னாலும் பேஸ்ட் பண்ணலாம். 2003இல் ஜெர்மனியின் டொமினிக் ரைகல் கீபாஸைக் கொண்டுவந்தார். அதில் ஆட்டோ-டைப் என்று ஒரு வசதி உண்டு. எதிரே இருக்கிற விண்டோவின் தலைப்பைப் பார்த்து, நம்ம கீபோர்டில் தட்டுற மாதிரியே எழுத்து எழுத்தாக அடிக்கும். அந்த ஆப் தனியா ஒத்துழைக்கவே வேண்டாம்.

அப்புறம் நம்ம வாழ்க்கை பிரவுசருக்குக் குடிபோச்சு, மேனேஜர்களும் பின்னாடியே போச்சு. அதுல ஒரு நல்லது இருக்கு. எக்ஸ்டென்ஷன் தளத்தின் முகவரியைச் சரிபார்க்கும், போலித் தளத்தில் தானா நிரப்பாது. ஆட்டோ-டைப் பார்ப்பதோ பெரும்பாலும் தலைப்பை மட்டும்தான். கர்சர் தப்பான இடத்தில் நின்றால் பாஸ்வேர்டு சாட் பெட்டியில் போய் விழும். லினக்ஸில் வேலண்ட் இருந்தால், ஒரு புரோகிராம் இன்னொன்றுக்குள் டைப் செய்ய லேசில் விடாது.

நான் கடைசியா எடுத்தது கீபாஸ்எக்ஸ்சி. டெஸ்க்டாப்புக்கு ஆட்டோ-டைப், பிரவுசருக்கு எக்ஸ்டென்ஷன், ரெண்டுமே இருக்கு. பெட்டகம் என் கம்ப்யூட்டரிலேயே இருக்கு. அதனால பேக்கப் என் பொறுப்பு, மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்தா காப்பாத்த ஆளில்லை. நீங்க எதை எடுத்தாலும், முதல்ல நீங்க தினமும் திறக்கிற டெஸ்க்டாப் ஆப்ல ஒரு தடவை போட்டுப் பாருங்க. அங்க வேலை செய்யலைன்னா, உங்க நோட்பேட் ஃபைல் சாகாது.

ஒரு ஆறுதலும் சொல்லிடறேன். 2014இல் கோர்பட்டோ ஒரு பேட்டியில், தன் பாஸ்வேர்டுகளை மூன்று பக்கம் டைப் செய்து வைத்திருப்பதாகச் சொன்னார். அவருக்கே அந்த நிலைமை!