யார் செய்தது? ஏன் நடந்தது? - ஒரு கார் தொழிற்சாலையின் வரலாறு

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று ஒரு பழமொழி உண்டு. குடம் உடைந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி "யார் உடைத்தது?" என்பதுதான். கிணற்றடியில் பாசி படிந்திருந்ததா, குடத்தின் கழுத்தில் முன்பே விரிசல் இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. மருமகளுக்குத் திட்டு விழும். பாசி அப்படியே இருக்கும். அடுத்த மாதம் இன்னொரு குடம் உடையும்.

வேலை செய்யும் இடங்களிலும் இதே கதைதான். கணக்கு இடித்தால், சரக்கு தாமதமானால், இயந்திரம் நின்றுபோனால், உடனே ஓர் ஆளைத் தேடுகிறோம். ஆள் கிடைத்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிட்டதாக ஒரு நிம்மதி. இந்தப் பழக்கத்தால் ஒரு பெரிய நிறுவனம் எவ்வளவு இழந்தது, அதே ஆட்களிடம் வேறு விதமாகக் கேள்வி கேட்ட இன்னொரு நிறுவனம் என்ன பெற்றது என்பதற்கு அமெரிக்காவில் ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் இருந்த கார் தொழிற்சாலைதான் அது.

மூடப்பட்ட தொழிற்சாலை

ஜெனரல் மோட்டார்ஸ் (சுருக்கமாக ஜி.எம்.) 1960-களின் தொடக்கத்தில் இந்தத் தொழிற்சாலையைத் திறந்தது. 1978-ம் ஆண்டில் இங்கே சுமார் 7,200 பேர் வேலை செய்தார்கள். ஆனால் பெயர் மட்டும் கெட்டுப்போயிருந்தது. ஒரு சாதாரண நாளில் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். திடீர் வேலைநிறுத்தங்கள் நடந்தன. தொழிலாளர் புகார்கள் தீர்க்கப்படாமல் குவிந்து கிடந்தன. வேலை நேரத்தில் குடிப்பவர்கள் இருந்தார்கள். கோபத்தில் கார் கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவதுகூட உண்டு என்று அங்கே வேலை செய்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். வாங்கியவர் வண்டி ஓட்டும்போதெல்லாம் அது கடகடவென்று சத்தம் போடும்!

நிர்வாகத்தின் தீர்ப்பு எளிமையானது: இவர்கள் மோசமான தொழிலாளர்கள். தொழிலாளர்களின் தீர்ப்பும் எளிமையானதுதான்: இவர்கள் மோசமான முதலாளிகள். இரண்டு பக்கமும் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டதால், விசாரிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

இதற்கு நடுவில் ஓர் எழுதாத சட்டம் இருந்தது. அசெம்பிளி லைன் எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது. ஒரு போல்ட் கோணலாக ஏறிவிட்டால்? போகட்டும். ஒரு பாகமே விட்டுப்போனால்? போகட்டும். கடைசியில் பழுது பார்க்கும் இடத்தில் வேறு ஆட்கள் சரிசெய்துகொள்வார்கள். எண்ணிக்கைதான் முக்கியம். தன் கண்ணெதிரே தவறு நடப்பதைப் பார்த்தாலும் தொழிலாளி வாயைத் திறக்க முடியாது. திறந்தால், அந்தத் தவறுக்கு அவரே பொறுப்பாளி ஆகிவிடுவார்.

1982 மார்ச் மாதம் ஜி.எம். தொழிற்சாலையை மூடியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

நூல் அறுந்தால் நிற்கும் தறி

கதையின் இன்னொரு இழை ஜப்பானில் தொடங்குகிறது. சகிச்சி டொயோடா (1867-1930) ஒரு தச்சரின் மகன். நெசவுத் தறிகளை மேம்படுத்துவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். 1924-ல் அவர் முழுமையாக்கிய தானியங்கித் தறிக்கு ஒரு விசேஷ குணம் இருந்தது. ஒரு நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். அதுவரை நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருக்கும், முழம் முழமாகத் துணி வீணாகும். அதைத் தடுக்க ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் காவல் இருக்க வேண்டியிருந்தது. தறி தானே நிற்கத் தொடங்கியதும் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

பிரச்னை வந்தால் மறைக்காதே, நில், என்ன என்று பார். தறியில் பிறந்த இந்த எண்ணம், 1937-ல் உருவான டொயோட்டா கார் நிறுவனத்துக்கும் வந்து சேர்ந்தது. அதைக் கார் தொழிற்சாலைக்கு ஏற்ற ஒரு முறையாக வளர்த்ததில் முக்கியமானவர் டாய்ச்சி ஓனோ (1912-1990). டொயோடா குடும்பத்தின் நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்து, 1943-ல் கார் நிறுவனத்துக்கு வந்தவர்.

ஓனோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது "ஐந்து முறை ஏன்" என்ற வழக்கம். 1978-ல் வெளியான தன் நூலில் அவர் தந்த உதாரணம் மிகவும் பிரபலம். அதன் சாரம் இதுதான்.

இயந்திரம் ஏன் நின்றது? பளு அதிகமாகி ஃப்யூஸ் போய்விட்டது.
பளு ஏன் அதிகமானது? பேரிங்கில் போதுமான எண்ணெய் இல்லை.
எண்ணெய் ஏன் இல்லை? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை.
ஏன் இழுக்கவில்லை? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது.
ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள்கள் உள்ளே போய்விட்டன.

முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் புது ஃப்யூஸ் மாட்டியிருப்பார்கள். சில நாளில் அதுவும் போயிருக்கும். ஐந்தாவது பதில் வரை போனதால் ஒரு வடிகட்டி பொருத்தினால் போதும் என்று தெரிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்து கேள்விகளில் ஒன்றுகூட "யார்?" என்று தொடங்கவில்லை. "யார்?" என்று கேட்டிருந்தால் இயந்திரத்தை ஓட்டியவர் தலைகுனிந்து நின்றிருப்பார். வடிகட்டியைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஓனோ சாந்த சொரூபி என்று நினைத்துவிட வேண்டாம். கண்டிப்பும் கோபமும் நிறைந்தவர் என்றுதான் அவரிடம் பயின்றவர்கள் சொல்கிறார்கள். தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் மேலாளரை நிற்க வைத்து, என்ன நடக்கிறது என்று மணிக்கணக்கில் பார்க்கச் சொல்வாராம். பார்க்காமல் கருத்துச் சொல்பவர்களை அவருக்குப் பிடிக்காது. ஆகவே இந்த முறை வெறும் நல்ல மனசில் பிறந்ததல்ல, உண்மைக் காரணம் தெரிய வேண்டும் என்ற பிடிவாதத்தில் பிறந்தது.

பழைய ஆட்கள், புதிய கேள்வி

1983-ல் ஜி.எம்.மும் டொயோட்டாவும் கைகோத்தன. சின்னக் கார்களை லாபகரமாகத் தயாரிப்பது எப்படி என்று ஜி.எம். கற்க விரும்பியது. ஜப்பானியக் கார்களின் இறக்குமதிக்கு 1981 முதல் கட்டுப்பாடு இருந்ததால், அமெரிக்க மண்ணில் அமெரிக்கத் தொழிலாளர்களை வைத்து உற்பத்தி செய்யக் கற்க வேண்டிய அவசியம் டொயோட்டாவுக்கு. மூடிக் கிடந்த ஃப்ரீமாண்ட் தொழிற்சாலையையே தேர்ந்தெடுத்தார்கள். புதிய கூட்டு நிறுவனத்தின் பெயர் நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபேக்சரிங். சுருக்கமாக "நம்மி".

சங்கத்தோடு நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, முன்பு அங்கே வேலை செய்தவர்களையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் சேர்க்கப்பட்டவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஃப்ரீமாண்ட் ஆட்கள்தான். பழைய சங்கத் தலைவர்களும் அதில் அடக்கம். "மோசமான தொழிலாளர்கள்" என்று முத்திரை குத்தப்பட்ட அதே மனிதர்கள்!

சுமார் 450 குழுத் தலைவர்களை ஜப்பானில் உள்ள டகாவோகா தொழிற்சாலைக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஜப்பானியத் தொழிலாளர்களோடு பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். அவர்களை அதிகம் ஆச்சரியப்படுத்தியது "ஆண்டான்" என்ற கயிறுதான். சிக்கல் வந்தால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரியும், ஒரு இசை ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார். சிக்கலை உடனே தீர்க்க முடியாவிட்டால் லைன் நின்றுவிடும். லைனை நிறுத்துவது பெரும் பாவம் என்று நினைத்திருந்தவர்களுக்கு, நிறுத்தச் சொல்லி ஒரு கயிற்றையே கட்டித் தொங்கவிட்டிருந்தது எப்படி இருந்திருக்கும்?

1984 டிசம்பரில் ஃப்ரீமாண்டில் மீண்டும் கார் உற்பத்தி தொடங்கியது. அங்கேயும் கயிறு வந்தது. ஓடி வரும் தலைவர் கேட்க வேண்டிய கேள்வி "என்ன பண்ணித் தொலைச்சே?" அல்ல. "என்ன சிக்கல்? நான் எப்படி உதவட்டும்?" என்பதுதான். ஒருவர் ஒரே போல்ட்டைத் திரும்பத் திரும்பக் கோணலாக முடுக்குகிறார் என்றால், கருவி கனமா, துளை சரியான இடத்தில் இல்லையா, நேரம் போதவில்லையா என்று பார்ப்பார்கள்.

விளைவு? வேலைக்கு வராதவர்களின் விகிதம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தது 3 முதல் 4 சதவீதமாகக் குறைந்தது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1980-களின் மத்தியில் மூன்று தொழிற்சாலைகளை ஒப்பிட்டார்கள். ஒரு காரை அசெம்பிள் செய்ய மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாமில் இருந்த ஜி.எம். ஆலைக்கு 31 மணி நேரம் ஆனது. நம்மிக்கு 19, டகாவோகாவுக்கு 16. நூறு கார்களுக்கு ஃப்ரேமிங்ஹாமில் 135 குறைகள். நம்மியிலும் டகாவோகாவிலும் தலா 45. பழைய ஆட்கள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் தரத்தில் ஜப்பானைத் தொட்டுவிட்டார்கள்!

கயிறு மட்டும் போதுமா?

இதைப் பார்த்த ஜி.எம். தன் மற்ற ஆலைகளிலும் இந்த முறையைக் கொண்டுவர முயன்றது. கலிபோர்னியாவிலேயே வான் நைஸ் என்ற இடத்தில் இருந்த ஆலையில் அது தோல்வியடைந்தது. பல மேலாளர்களுக்கு இன்னும் எண்ணிக்கைதான் அளவுகோல். குழு முறை என்பது தங்களைப் பிரித்து ஆளும் தந்திரம் என்று தொழிலாளர்களில் பலர் சந்தேகப்பட்டார்கள். 1992-ல் அந்த ஆலை மூடப்பட்டது.

வித்தியாசம் எங்கே? உண்மையைச் சொன்னால் வேலை போகாது என்ற உறுதி நம்மியில் இருந்தது. 1987-88-ல் விற்பனை சரிந்து, ஆலையின் திறனில் பெரும்பகுதி சும்மா கிடந்தபோதும் நிர்வாகம் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்த நேரத்தில் பயிற்சி கொடுத்தது. 1950-ல் டொயோட்டாவே ஆட்குறைப்பையும் பெரிய வேலைநிறுத்தத்தையும் சந்தித்து, நிறுவனர் கீச்சிரோ டொயோடா தலைவர் பதவியை விட்டு விலகும் நிலை வந்தது. அந்த வடுவிலிருந்து கற்ற பாடம் இது.

நம்மியும் சொர்க்கமல்ல. வேலையின் வேகம் மனிதர்களைக் கசக்கிப் பிழிகிறது என்று தொழிற்சங்க எழுத்தாளர்கள் 1988-லேயே விமர்சித்தார்கள். 1993-ல் புதிய மாடல் அறிமுகமானபோது தொழிலாளர்களுக்கு உடல்வலியும் காயங்களும் அதிகமாகி, மாநிலப் பாதுகாப்புத் துறையின் நடவடிக்கையைச் சந்திக்க நேர்ந்தது. கார் ஏன் பழுதாகிறது என்று கேட்பவர்கள், தொழிலாளியின் முதுகு ஏன் வலிக்கிறது என்றும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும் அல்லவா?

2009-ல் ஜி.எம். திவாலாகி நம்மியிலிருந்து விலகியது. 2010 ஏப்ரல் 1 அன்று டொயோட்டா ஆலையை மூடியது. சுமார் 4,700 பேர் வேலை இழந்தார்கள். ஏன் என்ற கேள்வியால் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. பிறகு அந்த இடத்தை டெஸ்லா வாங்கியது.

காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பவர்களுக்கு வேரியன்ஸ் தெரிந்திருக்கும். திட்டமிட்ட செலவுக்கும் ஆன செலவுக்கும் உள்ள வித்தியாசம். அது பாதகமாக வந்தால் எந்தத் துறை பொறுப்பு என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். எவ்வளவு என்று சொல்லத்தான் அந்த எண்ணுக்குத் தெரியும், ஏன் என்று சொல்லத் தெரியாது. அது தெரிந்தவர் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார். 1982 வரை ஃப்ரீமாண்டில் அவரிடம் யாரும் கேட்கவில்லை. 1984-ல் கேட்டார்கள். ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.