பிரேக்கிலிருந்து புகை வந்த மலை

சென்ற தவணை முடிவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் எங்கள் தரம் 9 மாணவன் ஒருவன் இடது கையில் பிளாஸ்டருடன் வகுப்புக்கு வந்தான். பாலத்து இறக்கத்தில் சைக்கிளை முழு வேகத்தில் விட்டு விழுந்திருக்கிறான். போனில் மலையிறக்கச் சைக்கிளோட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரிச் செய்யப் போனதாக அவனே ஒத்துக்கொண்டான். "பிரேக் புடிச்சிருக்கலாமே?" என்று கேட்டோம். "சேர், அவங்க யாருமே பிரேக் புடிக்கிற இல்லையே" என்றான்.

அந்தப் பதில் எங்களை விடவில்லை. அவனைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்த விளையாட்டைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆகவே தேடி வாசித்தோம். வாசித்ததை வகுப்பிலும் சொன்னோம். இங்கேயும் எழுதுகிறோம். பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பயன்படும்.

இந்த விளையாட்டின் பிறப்பிடங்களில் மிகவும் பேர்போனது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் மாவட்டம். 1970களில் அங்கிருந்த சில இளைஞர்கள் 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடி வாங்கினார்கள். பருத்த டயர், ஒரேயொரு கியர், சுமார் 20 கிலோ பாரம். ஒரு காலத்தில் பத்திரிகை போடும் பையன்கள் ஓட்டியவை. இவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிளங்கர்'. நம்மூர்ப் பேச்சில் சொன்னால் 'கடகட வண்டி'. அதை ஒரு பிக்கப் வாகனத்தில் ஏற்றி மலை உச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மண் பாதையில் இறங்குவார்கள்.

யார் வேகமானவர் என்ற வாக்குவாதம் வந்தது. அதைத் தீர்க்க 1976 ஒக்டோபர் 21ஆம் திகதி ஃபெயார்ஃபக்ஸ் என்ற சிறு நகரத்துக்கு அருகில் ஒரு போட்டி வைத்தார்கள். தீயணைப்பு வண்டிகள் போவதற்காக வெட்டிய பாதை அது. 2 மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில் சுமார் 1,300 அடி இறக்கம். சார்லி கெலி என்பவர் நேரம் எடுத்தார். அன்று வென்றவர் அலன் பொண்ட்ஸ். அவர் மற்றவர்களை விடத் திறமைசாலி என்பதால் அல்ல. அன்று விழாமல் கீழே வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர்தான்!

இதை வகுப்பில் சொன்னபோது பிளாஸ்டர் போட்ட நம்ம ஆள்தான் முதலில் சிரித்தான்.

அந்தப் பாதைக்கு 'ரீபக்' என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதைதான் முக்கியம். அந்தப் பழைய சைக்கிள்களில் கையால் பிடிக்கும் பிரேக் இல்லை. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சில்லின் நடுவிலுள்ள குடத்துக்குள் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து வண்டி நிற்கும். தட்டையான தெருவுக்கு அது போதும். 1,300 அடி இறக்கத்துக்கு எப்படிப் போதும்? குடம் கொதிக்கும். உள்ளே இருக்கும் கிரீஸ் உருகி, ஆவியாகி, புகையாக வெளியே வரும். கீழே வந்து சேரும்போது குடம் காய்ந்துபோயிருக்கும். அடுத்த தடவை இறங்க வேண்டுமானால் அதைக் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ரீபக்' என்றால் மறுபடி அடைப்பது. ஆக, உலகின் மிகப் பிரபலமான மலையிறக்கப் பாதைக்கு வேகத்தாலோ வீரத்தாலோ பெயர் வரவில்லை. பிரேக்கால் வந்தது.

1976 முதல் 1984 வரை அங்கே 24 போட்டிகள் நடந்தன. அதிகம் வென்றவர் ஜோ பிரீஸ். மிகக் குறைந்த நேரம் கேரி ஃபிஷருடையது: 4 நிமிடம் 22 செக்கன். கணக்குப் பார்த்தால் மணிக்குச் சராசரியாக 46 கிலோமீற்றர் வரும், அதுவும் கல்லும் வளைவும் நிறைந்த மண் பாதையில். பெண்களும் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான வென்டி கிராக் எடுத்த புகைப்படங்களால்தான் அந்த நாட்களை இன்று நாம் பார்க்கிறோம்.

விழுந்தவர்கள் வண்டியைத் திருத்தத் தொடங்கினார்கள். கையால் பிடிக்கும் பிரேக்குகளை இரண்டு சில்லுகளுக்கும் பூட்டினார்கள். மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளைக்கூட எடுத்துப் போட்டார்கள். கியர்களும் வந்தன. பழைய சட்டங்கள் உடைந்துகொண்டே இருந்ததால் 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புதிதாக ஒரு சட்டம் செய்தார். அவர் செய்த அந்த முதல் வண்டி இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது. 1979இல் ஃபிஷரும் கெலியும் சேர்ந்து 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 1990இல் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரில் உலகச் சம்பியன்ஷிப் போட்டி நடந்தது. மலையிறக்கத்தில் ஆண்களில் கிரெக் ஹெர்போல்டும் பெண்களில் கனடாவின் சிண்டி டெவைனும் வென்றார்கள். பழைய வண்டி வைத்திருந்த நண்பர்களின் வாக்குவாதம் 14 வருடத்தில் உலகப் போட்டியாகிவிட்டது.

இன்று இதைப் பழக விரும்புபவர் கனடாவின் விஸ்லர் போன்ற இடங்களுக்குப் போகிறார். பனிக்காலத்தில் சறுக்குபவர்களை மேலே தூக்கிச் செல்லும் அதே லிப்ட், கோடையில் சைக்கிள்களைத் தூக்குகிறது. முதல் நாள் என்ன நடக்கும் தெரியுமா? முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட், முழங்காலுக்கும் முழங்கைக்கும் காப்பு. பிறகு உடனே மலைக்கு அனுப்ப மாட்டார்கள். கீழே சமதரையில் வைத்துப் பாடம் தொடங்கும். ஆசனத்தைத் தாழ்த்து. பெடல்களைச் சமமாக வைத்து எழுந்து நில். குதிகாலைக் கீழே அழுத்து. முன்சில்லைப் பார்க்காதே, போகப் போகும் இடத்தைப் பார். அதற்குப் பிறகு பிரேக். ஒரு விரலால் மட்டும் பிடி. இரண்டையும் பிடி. வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறை. வளைவுக்குள் போய்ப் பிடிக்காதே.

புதியவர் எல்லோரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. பயத்தில் மேலிருந்து கீழ்வரை பிரேக்கை விடாமல் இழுத்துப் பிடிப்பது. அப்படிச் செய்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். மாலையில் விரல்களை மடக்க முடியாமல் கை வலிக்கும். ஆகவே தேவையான இடத்தில் நன்றாகப் பிடித்து, உடனே விடு என்று பயிற்றுவிப்பவர் சொல்லிக்கொடுப்பார். 1976இல் புகைந்த குடம் சொன்ன பாடமும் அதுதான். பிறகு பச்சை அடையாளமிட்ட இலகுவான பாதை. அது நன்றாக வந்தால்தான் நீலம். கறுப்புப் பாதையை முதல் நாளில் நினைத்தும் பார்க்க முடியாது.

ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த காலத்தில், பாடக்குறிப்பில் எளியதிலிருந்து கடினத்துக்குப் போக வேண்டும் என்று எழுதி எழுதிக் கை வலித்தது. அதன் பெறுமதி எங்களுக்கு இப்போதுதான் சரியாக விளங்குகிறது. ஒரு புதியவரின் முதல் நாளில் சொல்லப்படும் ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னாலும் எங்கேயோ ஒருவர் விழுந்த காயம் இருக்கிறது. அவர்கள் விழுந்ததை மறைக்கவில்லை. எழுதி வைத்தார்கள், திருத்தினார்கள், அடுத்தவனுக்குச் சொன்னார்கள். எங்கள் மாணவனுக்குக் கிடைத்தது 30 செக்கன் வீடியோ மட்டும். அதில் அந்த முதல் நாள் இல்லை. ஒரு விரல் பிரேக்கில் இருப்பதும் அந்தச் சிறிய திரையில் தெரியாது. அவன் பார்க்கவில்லை என்பது அவனுடைய குற்றமா, காட்டாத எங்களுடையதா?

அவனுடைய சைக்கிளை அவன் வாப்பாவோடு சேர்ந்து பார்த்தோம். முன் பிரேக் கம்பி அறுந்து எவ்வளவு காலமோ தெரியாது. பின் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. பிரேக் பிடித்திருந்தாலும் அன்று வண்டி நின்றிருக்காது.

இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இன்று மாலை பிள்ளையின் சைக்கிளை ஒரு தடவை தள்ளி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். கட்டை மாற்றுவது சின்னச் செலவு, பத்து நிமிட வேலை.

பிளாஸ்டர் போன வாரம் கழற்றியாயிற்று. வகுப்புக்கு வந்தவன் கேட்ட முதல் கேள்வி: "சேர், ரீபக் இறக்கம் நம்மட பாலத்தப் போல எத்தின பாலம் வரும்?" பதில் சொல்லவில்லை. பாலத்தின் உயரத்தை அளந்துவரும்படி வீட்டுவேலை கொடுத்திருக்கிறோம். நடந்துபோய்த்தான்.