கீழடி அருங்காட்சியகம்: பானையில் பெயர் எழுதியவர்களும் பெயரின்றிப் போனவர்களும்

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் கீழடி. இங்கு 2015இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. நான்காம் கட்டம் முதல் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை அதனை நடத்தி வருகிறது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமாதிரியின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டதாக 2019இல் வெளியான அறிக்கை தெரிவித்தது. அகழ்ந்தெடுத்த பொருள்களுக்கான அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது.

தங்க அணிகளும் தந்தப் பகடைகளும் கண்ணைக் கவரலாம். ஆயினும் நெடுநேரம் நின்று காண வேண்டியவை கீறல் எழுத்துள்ள பானை ஓடுகளே. 'ஆதன்', 'குவிரன்' போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் உள்ளன. பானை சுடப்பட்ட பின்னர் கீறப்பட்டவை இவை. கையெழுத்துகளும் ஒன்றுபோல் இல்லை. ஆகவே குயவர் அல்லர், பானைக்கு உரியவர்களே எழுதியிருக்க வேண்டும் என்கின்றனர் ஆய்வாளர்கள். எழுத்து ஒரு சிலரின் தனியுடைமை என்ற கூற்றுக்கு இந்தச் சில்லுகள் வலுவான மறுப்பு.

எனினும், வழிபாட்டுச் சின்னங்கள் பெருமளவில் கிடைக்காததைக் கொண்டே 'கீழடியில் சாதி இல்லை' என முடிவு கட்டுவது அவசரம். ஏறத்தாழ 110 ஏக்கர் பரப்புள்ள மேட்டில் தோண்டப்பட்டது சிறுபகுதியே. மேலும், இதனோடு இணைத்துப் பேசப்படும் சங்க இலக்கியத்திலேயே 'இழிசினன்', 'புலையன்', 'புலைத்தி' என்னும் சொற்கள் உள்ளன. அவை எக்காலத்தில், எவ்வளவு ஒதுக்குதலைச் சுட்டின என்பது விவாதத்திற்குரியது. சொற்கள் இருந்தன என்பது விவாதத்திற்குரியதன்று.

விலங்கெலும்புகளும் அவ்வாறே. ஆய்வுக்கு அனுப்பப்பட்ட 70 மாதிரிகளில் மாடு, எருமை, ஆடு முதலியன இனங்காணப்பட்டன. மான், ஆடு, காட்டுப்பன்றி எலும்புகளில் வெட்டுத் தடங்கள் இருந்ததாக அறிக்கை கூறுகிறது. மாட்டிறைச்சி அரசியலில் இரு தரப்பினரும் இதற்கு மேல் அதன் வாயில் சொற்களைத் திணிக்க வேண்டியதில்லை.

கண்ணாடிப் பேழைகளில் இல்லாதவற்றையும் கருத வேண்டும். சுடுமண்ணும் கல்லும் எஞ்சும். தோலும் நாரும் மரமும் மட்கிவிடும். நூற்பவரின் தக்களிகள் மண்ணில் தங்கியதால் அவரது உழைப்பு காட்சிக்கு வந்தது. தோல் பதனிட்டவர், பறை கட்டியவர் இருந்திருப்பின், அவரது கைவினை எந்தப் பேழைக்கும் வந்திராது.

அவர்களைத் தேடுவதற்குரிய இடம் அருகிலுள்ள கொந்தகை ஈமக்காடு. ஒவ்வொரு தாழியிலும் எலும்புகளோடு என்ன வைக்கப்பட்டது, எதில் ஒன்றும் வைக்கப்படவில்லை என்ற ஒப்பீட்டுப் பட்டியல் பார்வையாளர் முன் வைக்கப்பட வேண்டும்.