பங்கில் எண்ணப்படுவோர்: பழவேற்காட்டுப் பாடு முறையும் மின்னணுத் தகவலும்

தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியில், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் எனும் மீனவச் சமூகத்தினர், இறால் மிகுந்த நீர்ப்பகுதிகளில் யார் எந்த நாளில் எவ்விடத்தில் சுத்துவலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டனர். இந்த ஏற்பாடே பாடு எனப்பட்டது. நல்ல இடம் வலியவர் கையிலேயே தங்கிவிடாதபடி பார்த்துக்கொள்ளும் கடமையை அது ஊர் முழுவதற்கும் உரியதாக்கியது. ஆயினும், சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் போன்றோருக்கு அதில் பங்கில்லை. இறால் ஏற்றுமதியால் ஏரியின் மதிப்பு உயர்ந்து, வெளியே நிறுத்தப்பட்டோரும் உரிமை கோரியபோது பூசல்கள் எழுந்தன. எத்துணைச் செம்மையான பகிர்வும் தன் கணக்கில் சேராதவரைக் காப்பதில்லை என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

கடற்கரை ஊர்களில் இன்று செய்தியும் நீரைப் போன்ற பொதுவளமே. புதுச்சேரிப் பகுதியில் 1998இல் தகவல் மையங்களைத் தொடங்கிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், இணையத்தில் கிடைத்த அலை உயரக் கணிப்பை வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே அறிவிக்கச் செய்தது. ஆழிப்பேரலை தாக்கிய 2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு என்ற ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் தந்த எச்சரிக்கை, நல்லவாட்டு ஒலிபெருக்கியில் ஒலித்துப் பலரைக் காத்தது. எழுத்தறியாதவரையும் பார்வையற்றவரையும் எட்டும் அக்குரல் காதுகேளாதவரை எட்டாது. அவருக்கு எழுத்தோ, சைகையோ, கதவைத் தட்டி அழைக்கும் அண்டை வீட்டாரோ வேண்டும்.

எவரையும் விடாமல் எச்சரிக்கும் இக்கடமையை ஊராரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசின் பொறுப்பாக்கியது. அதன் 8ஆம் பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவுசெய்து, அவர்களுக்கு ஆபத்தை உணர்த்த வேண்டும் என்கிறது. 42ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் யாவும் அவர்கள் அணுகக்கூடிய வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம் மின்னணு அணுகலை வாழ்வுரிமையின் பகுதியாகவே அறிவித்தது.

எனினும், புயல் எச்சரிக்கைக் கடிதம் ஒளிப்படமாக வாட்ஸ்அப்பில் வரும்போது, திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அப்படத்திலுள்ள சொற்கள் பெரும்பாலும் புலப்படுவதில்லை. அக்கடிதத்தை எழுதும் அலுவலர் சொற்களை எழுத்தாகவே அனுப்புவதும், செயலியை வடிவமைப்பவர் படங்களுக்கு விளக்கவுரை சேர்ப்பதும், காணொளி எடுப்பவர் வசனவரியும் சைகைமொழியும் இணைப்பதும், செய்தியைப் பகிர்பவர் அதன் சாரத்தைத் தட்டச்சிட்டோ குரல்பதிவாகவோ சேர்ப்பதும் ஒரே கடமையின் பகுதிகள். இவர்களில் ஒருவர் தவறினாலும் எச்சரிக்கை வழியிலேயே நின்றுவிடும் என்பதால், பழைய பாடு முறையில் இருந்த கூட்டுப்பொறுப்பு, எவரையும் வெளியே நிறுத்தாத புதிய கணக்கோடு இங்கே தொடர வேண்டும்.