கல்லூரியும் பட்டறையும்

எந்திரவியற் பட்டதாரிக்குப் பட்டறை வேலை தெரிவதில்லை. பட்டறையில் வளர்ந்தவனுக்கோ கணிதம் தெரிவதில்லை. தொழிலதிபர்களின் இம்முறைப்பாட்டுக்கு, அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பேராசிரியர் 1906ஆம் ஆண்டு ஒரு வழி கண்டார். 27 மாணாக்கருள் ஒரு சாரார் கல்லூரியிற் பாடங் கேட்கும் வாரத்தில், மற்றைச் சாரார் தொழிற்சாலைகளிற் கூலி பெற்று வேலை செய்தனர். மறுவாரம் இடம் மாறினர். ஆகவே, எந்திரம் ஆளின்றி நிற்க வேண்டியதில்லை. முதலாளிமாரை இணங்கச் செய்தது இந்த ஏற்பாடே என்பது எம் எண்ணம். கல்லூரிக்கும் விலையுயர்ந்த எந்திரங்களை வாங்கிக் குவிக்கும் செலவு குறைந்தது. பல்கலைக்கழக ஆட்சிக் குழுவினர் மட்டும் அஞ்சினர். தவறினாற் பொறுப்புத் தமதன்று என்று எழுதிவைத்தே ஓராண்டுக்கு இசைவளித்தனர். நேயர்களே, அத்திட்டம் நூறாண்டு கடந்தும் அங்கு நடைபெறுகின்றது.