தனியார் பட்டமும் தொழில் வாய்ப்பும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகம் செல்லத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கிலொருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்து வருகின்றது. எஞ்சியோரில் வசதியுள்ளோர் மாத்திரமன்றி, கடன்பட்டாவது பட்டம் பெற விரும்புவோரும் தனியார் நிறுவனங்களை நாடுகின்றனர். அப்பட்டம் தொழிற்சந்தையில் எந்தளவுக்குச் செல்லுபடியாகும் என்பது அனுமதிக்கு முன்னரே ஆராயப்பட வேண்டியதாகும்.

தகவல் தொழில்நுட்பம், கணக்கியல், முகாமைத்துவம் ஆகிய துறைகளில் தனியார் கம்பனிகள் பட்டத்தின் பிறப்பிடத்தைப் பெரிதாக ஆராய்வதில்லை. ஆங்கில அறிவும் தொழிற்பயிற்சியுமே அங்கு எடைபோடப்படுகின்றன. 1999 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவகத்தின் பட்டதாரிகள் மென்பொருள் துறையில் நிலைபெற்றமைக்கு இதுவே காரணம். அரச பல்கலைக்கழகக் கலைப்பட்டதாரிகளோ அரச நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். கலைப்பீடத்திலிருந்து வந்த எமக்கு இதனை எழுதுவது உவப்பானதன்று.

அரச சேவையில் நிலைமை வேறு. ஆட்சேர்ப்பு விளம்பரங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த பட்டத்தையே பெரும்பாலும் கோருகின்றன. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ், அரச சார்பற்ற நிறுவனம் எந்தெந்தப் பட்டங்களை வழங்கலாம் என்பது வர்த்தமானியில் குறிப்பிடப்படும். ஆகவே, நிறுவனத்தின் பெயரைவிடப் பாடநெறியின் பெயரே அங்கு தேடப்பட வேண்டும்.

மருத்துவத்தில் பட்டம் மட்டும் போதாது. இலங்கை மருத்துவ சபையின் பதிவும் அவசியம். மாலபே 'சைட்டம்' நிறுவனத்துக்கு 2011 இல் பட்டமளிக்கும் அந்தஸ்து கிடைத்தும், பதிவு மறுக்கப்பட்டதால் அதன் பட்டதாரிகள் வீதிக்கும் நீதிமன்றுக்கும் அலைந்தனர். 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2018 இல் உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. இதற்கிடையே நிறுவனமே ஒழிக்கப்பட்டு, மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின்கீழ் கொண்டுவரப்பட்டனர். அரசு அனுமதித்ததை நம்பிப் பணம் செலுத்திய குடும்பங்களுக்கு நேர்ந்த கதி இது.

வடக்கு, கிழக்கு, மலையகப் பெற்றோருக்குச் சுமை இரட்டிப்பாகும். தனியார் துறைத் தொழில்களிற் பெரும்பகுதி மேல் மாகாணத்திலேயே குவிந்துள்ளதால், படிக்கும்போது மட்டுமன்றித் தொழில் தேடும்போதும் கொழும்பில் வாடகை கொடுக்க நேர்கின்றது. 2017 இல் தொடங்கப்பட்ட வட்டியில்லாக் கல்விக் கடன் கட்டணத்துக்குக் கைகொடுக்கின்ற போதிலும், தொழில் கிடைக்காத பட்டதாரிக்கு அதன் தவணையே பாரமாகிவிடும். பட்டம் பெற்றோரில் எத்தனை பேர், எத்தொழிலில் சேர்ந்தனர் என்ற விபரத்தை ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிடுவதை அரசாங்கம் கட்டாயமாக்க வேண்டும்.